திறந்த கதவும் மறைந்த படிக்கட்டும்

கலைஞன் ஒருவன் தான் வாழ்ந்து தொழில் செய்யும் வீட்டின் கதவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டான் என்றால், கலை மக்களிடம் வந்து சேர்ந்துவிட்டது என மகிழ்வோர் பலர். அரண்மனைகளிலும் செல்வர் மாளிகைகளிலும் அடைபட்டுக் கிடந்த கலை இப்போது படைப்பவனின் உறைவிடத்திலேயே யாவர்க்கும் காட்சி தருகின்றது. படைப்பவனுக்கும் பார்ப்பவனுக்கும் இடையே நின்ற சுவர் இடிந்துவிட்டது. கலையுலகில் இதனினும் சிறந்த சனநாயகம் வேறு யாது என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் செவிக்கு இனியது. ஆயின் இனியன யாவும் உண்மையாதல் இல்லை. கதவு திறந்தது என்பது ஒரு செய்தி மட்டுமே. யாருக்குத் திறந்தது, எதனைக் காட்டத் திறந்தது, எதனை மறைத்துக்கொண்டு திறந்தது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணாத வரையில் அச்செய்தியிற் பெருமைப்படுவதற்கு ஏதுமில்லை.

இவ்வினாக்களை வெறுங் கோட்பாட்டளவில் எழுப்புவதிலும் பார்க்க, வரலாற்றில் வைத்து நோக்குவதே பொருத்தமானது. அதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் மாநகரில் இருந்த இரு வீடுகள் தக்க சான்றுகளாக அமைகின்றன. ஒன்று, கென்சிங்ரன் பகுதியில் ஓவியர் பிறெடெறிக் லேற்றன் வாழ்ந்த வீடு. மற்றது, தேம்ஸ் நதிக்கரையில் ஹமர்ஸ்மித் என்னுமிடத்தில் கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மொறிஸ் வாழ்ந்த கெல்ம்ஸ்கொற் இல்லம். லேற்றன் றோயல் அக்கடமி என்னும் கலைக்கழகத்தின் தலைவரானது 1878ஆம் ஆண்டில். மொறிஸ் தம் ஹமர்ஸ்மித் வீட்டுக்குக் குடிவந்ததும் அதே ஆண்டில். இருவரும் இறந்தது 1896ஆம் ஆண்டில். இருவர் வீட்டுக் கதவும் பிறருக்குத் திறந்தது ஞாயிற்றுக்கிழமைகளில். இத்துணை ஒற்றுமையுடைய இரு வீடுகளும் அடிப்படையில் எங்ஙனம் வேறுபட்டன என்பதிலேதான் பிரச்சினையின் உயிர்நாடி உள்ளது.

லேற்றன் 1866ஆம் ஆண்டளவில் தம் வீட்டிற் குடிபுகுந்தார். ஜோர்ஜ் எயிற்சிசன் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு கட்டுவித்த அவ்வீட்டை அடுத்துவந்த முப்பதாண்டுகளும் விரிவுபடுத்திக்கொண்டேயிருந்தார். மேல்மாடியில், வடக்கு நோக்கிய பெருஞ்சாளரத்துடன் கூடிய விசாலமான ஓவியக்கூடம். கீழே, 1877இல் தொடங்கிக் கட்டப்பட்ட அரபு மண்டபம். அதன் நடுவே கருநிறக் கல்லாலான நீரூற்று. சுவரெங்கும் டமாஸ்கஸ் நகரிலிருந்தும் பிற கீழைத்தேயங்களிலிருந்தும் கொணர்ந்த பழைய ஓடுகள். இவ்வளவு பெரிய வீட்டில், பணியாளர் அறைகள் நீங்கலாக, படுக்கையறை ஒன்றே ஒன்று. அதுவும் மிக எளிமையானது. விருந்தினர் ஓரிரவு தங்குவதற்கு அங்கு இடமில்லை. நூற்றுக்கணக்கானோர் வந்து பார்த்துச் செல்வதற்கென அமைந்த வீட்டில் ஒருவர் வந்து தங்குவதற்கு அறை இல்லை என்பது தற்செயலானதன்று. வாழ்வதற்கென்றிலும் காட்டுவதற்கென்றே அவ்வீடு எழுந்தது.

அக்காலத்து இலண்டன் ஓவியரிடையே ‘காட்சி ஞாயிறு’ என்றொரு வழக்கம் நிலவியது. றோயல் அக்கடமியின் ஆண்டுக் கண்காட்சிக்கு ஓவியங்களை அனுப்புதற்கு முன், வசந்தகாலத்து ஞாயிறு ஒன்றில் ஓவியர்கள் தத்தம் கூடங்களைத் திறந்து அவ்வாண்டுப் படைப்புகளை வருவோர்க்குக் காட்டுவர். லேற்றனும் அவருடைய அயலில் வாழ்ந்த ஓவியர்களும் கூடங்களைத் திறக்கும் அந்நாளில் வீதியெங்கும் குதிரை வண்டிகள் நிறையும். பத்திரிகைகள் அதனை ஒரு பருவ விழாவாகவே வருணித்தன. 1884இல் கலைஞர்களை அவர்தம் இல்லங்களில் வைத்துப் படம்பிடித்த ஒளிப்படத் தொகுதியொன்றும் வெளியாயிற்று. ஓவியத்தைப் போலவே ஓவியனின் நாற்காலியும் கம்பளமும் பார்வைக்குரிய பொருள்களாயின.

முதல் வினா: இக்கதவு யாருக்குத் திறந்தது? உழைப்பாளிக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாள் ஞாயிறு. அந்த ஞாயிறே தெரிந்தெடுக்கப்பட்டது. எனினும் லேற்றன் வீட்டுப் படிகளில் ஏறியோர் பெரும்பாலும் அழைப்போ அறிமுகமோ உடையவர்கள். குறைந்தபட்சம், வாயிலில் நிற்கும் பணியாள் தடுக்கத் துணியாத உடையணிந்தவர்கள். வண்டியில் வந்தோர் உள்ளே சென்றனர்; வண்டியோட்டி வெளியே காத்திருந்தான். ‘பொதுமக்கள்’ என்னும் சொல்லை எத்துணை எச்சரிக்கையுடன் கையாளவேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும். எந்தச் சமுதாயத்திலும் ஆளும் வர்க்கம் தன்னையே பொதுமக்கள் எனக் கருதிக்கொள்வதுண்டு. இவ்விடத்து நியாயம் கருதி ஒன்று கூறவேண்டும். லேற்றனின் அயலவரான ஜோர்ஜ் பிறெடெறிக் வோட்ஸ் என்னும் ஓவியர் 1881ஆம் ஆண்டளவில் தம் வீட்டோடு ஒரு காட்சிக்கூடத்தைக் கட்டி, வார இறுதிப் பிற்பகல்களில் எவரும் வந்து பார்க்கத் திறந்துவைத்தார். ஆண்டுக்கொரு நாள் என்பதிலும் இது மேலானது. ஆயினும் கதவின் அகலத்தைக் கூட்டியதனால் ஏனைய இரு வினாக்களும் மறைந்துபோவதில்லை.

இரண்டாவது வினா: எதனைக் காட்டத் திறந்தது? காட்சி ஞாயிறன்று சட்டமிட்டுப் பொன்முலாம் பூசி ஒழுங்குற நிறுத்தப்பட்ட நிறைவெய்திய ஓவியங்களே வருவோர் கண்ணிற் பட்டன. லேற்றனின் தொழில் முறையோ மிக நீண்டது. முதலில் ஆடையற்ற உருவத்தை வரைந்து ஆராய்வார். பின்னர் ஆடையின் ஒவ்வொரு மடிப்பையும் வெண்சுண்ணத்தாலும் கருஞ்சுண்ணத்தாலும் தனித்தனி வரைந்து பார்ப்பார். சிறிய வண்ண முன்னோட்டம் ஒன்று தீட்டுவார். அதன் பின்னரே பெருந்திரையை நெருங்குவார். அவருடைய உண்மையான மேதைமை இவ்வுழைப்பிலேயே உள்ளது என்பது அவருடைய வரைவுகளைக் கண்டோர்க்குப் புலனாகும். ஞாயிறன்று இவ்வுழைப்பு உறைகளுள் உறங்கும். விளைபொருள் மட்டும் ஒளிரும். உழைப்பு நீக்கி விளைபொருளை மட்டும் ஒளியில் நிறுத்தும் இடத்திற்குச் சந்தை என்று பெயர். கென்சிங்ரன் வீடு பெயர்ப்பலகை இல்லாத கடையாயிருந்தது. தொழிற்றுறையாலும் வாணிகத்தாலும் புதிதாகச் செல்வம் சேர்த்த வர்க்கம் அக்காலத்தில் ஓவியங்களை வாங்கத் தலைப்பட்டிருந்தது. அவ்வர்க்கத்தார்க்கு ஓவியத்தின் தரத்தை அளக்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. இத்தகைய மாளிகையில் வாழ்பவன் தீட்டியது உயர்ந்ததாகவே இருத்தல் வேண்டும் என அவர்கள் எண்ணும்படி அவ்வீடு பேசியது.

மூன்றாவது வினாவே தலையாயது: எதனை மறைத்தது? லேற்றனின் ஓவியக்கூடத்துக்கு ஏறும் வழி இரண்டு. ஒன்று, ஓடு பதித்த மண்டபத்தினூடாக விருந்தினர் ஏறும் அகன்ற படிக்கட்டு. மற்றது, ஓவியனுக்கு மாதிரியாக நிற்போர் ஏறுவதற்கெனத் தனி வாயிலோடு அமைக்கப்பட்ட சிறிய பின்படிக்கட்டு. எவருடைய உடல் திரையில் தெய்வமாகவும் அரசியாகவும் கோலங்கொள்கின்றதோ, அவர் வீட்டின் முன்வாயிலாற் புகுதல் தகாது என்பது வீட்டின் வரைபடத்திலேயே எழுதப்பட்டிருந்தது. திரையில் அவ்வுருவத்தைக் கண்டு வியந்த சீமாட்டி, படிக்கட்டில் அதே பெண்ணை எதிர்ப்பட நேராதவாறு சுவர் எழுப்பப்பட்டது. மனிதரைப் பிரித்துவைப்பதற்குச் சட்டம் வேண்டுவதில்லை, இரண்டு வாயில்கள் போதும் என்பதை இந்நாட்டுத் தமிழருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. கோயிலிலும் கிணற்றிலும் தேநீர்க்கடையிலும் இவ்வரைபடத்தை வாசித்துப் பழகிய சமுதாயம் இது.

லேற்றன் கொடியவர் அல்லர். அவருடைய பிற்கால ஓவியங்கள் பலவற்றுக்கு மாதிரியாக நின்ற டொறதி டீன் என்னும் பெண் வறிய குடும்பத்திற் பிறந்தவள், நடிகையாக விரும்பியவள். அவளுடைய முயற்சிகளுக்கு லேற்றன் துணைநின்றார் என்பதும், தம் மறைவின் பின் அவள் குடும்பத்துக்குப் பெருந்தொகை சேர வழிசெய்தார் என்பதும் பதிவாகியுள்ளன. இதனைக் காட்டி அவரைப் பாதுகாப்போர் உளர். ஆனால் தனிமனித இரக்கம் வேறு, வீட்டின் அமைப்பு வேறு. இரக்கமுள்ள எசமான் பின்படிக்கட்டில் விளக்கேற்றி வைப்பான், படிக்கட்டை அகற்றமாட்டான்.

அரபு மண்டபத்தின் ஓடுகளுக்கும் இது பொருந்தும். டமாஸ்கஸ் நகரில் ஆங்கில அரசின் பிரதிநிதியாயிருந்த றிச்சாட் பேட்டன் முதலியோரின் உதவியால் அவை திரட்டப்பட்டன. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் யாரோ ஒரு குயவன் வனைந்து, யாரோ ஒருத்தியின் முற்றத்துச் சுவரை அணிசெய்தவை அவை. கென்சிங்ரன் சுவரில் ஏறியபின் அவை ‘லேற்றனின் ஓடுகள்’ ஆயின. சேகரித்தவன் பெயர் நின்றது. செய்தவன் பெயர் அழிந்தது. பேரரசின் வலிமை இல்லையேல் இச்சேகரிப்பு இத்துணை எளிதிற் கைகூடியிராது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

‘அக்கால வழக்கம் அது, இக்கால அளவுகோலால் அளத்தல் நேர்மையன்று’ எனச் சிலர் எதிர்வாதம் புரியலாம். அவ்வாதத்தை மறுப்பதற்கு வேறு காலத்துக்கோ வேறு நாட்டுக்கோ செல்லவேண்டியதில்லை. அதே நகரில், அதே ஆண்டுகளில், அதே ஞாயிற்றுக்கிழமைகளில் ஹமர்ஸ்மித்தில் மற்றொரு கதவு திறந்தது. அரபு மண்டபத்துச் சித்திரப்பட்டியை வரைந்த வோல்ற்றர் கிறேன் பின்னர் மொறிஸின் தோழராகிச் சோசலிசச் சித்திரங்கள் வரைந்தார். அம்மண்டபத்து ஓடுகளை ஒழுங்குசெய்த வில்லியம் டி மோகனும் மொறிஸின் நெருங்கிய நண்பர். ஆகவே இரு வீடுகளும் இரு வேறு காலங்களைச் சார்ந்தவை அல்ல. ஒரே காலத்தின் இரு வேறு தெரிவுகள்.

மொறிஸின் வீட்டோடு ஒரு வண்டிக் கொட்டகை இருந்தது. அவர் குதிரை வண்டியை அதில் நிறுத்தவில்லை. கம்பளத் தறிகளை நிறுத்தினார். ஹமர்ஸ்மித் கம்பளங்கள் எனப் பெயர்பெற்றவை அங்கு நெய்யப்பட்டன. 1881இல் தொழில் மேர்ற்றன் அபி என்னுமிடத்துக்கு மாறிய பின், அக்கொட்டகை கூட்ட மண்டபமாயிற்று. 1884இன் இறுதியில் தோன்றிய சோசலிசக் கழகத்தின் ஹமர்ஸ்மித் கிளையும், 1890இல் அதிலிருந்து பிரிந்த ஹமர்ஸ்மித் சோசலிசச் சங்கமும் ஞாயிறு மாலைகளில் அங்கு கூடின. பேர்னாட் ஷோ பேசினார், குறொப்பொற்கின் பேசினார், மொறிஸ் பலமுறை பேசினார். கேட்டவர்களுள் தொழிலாளரும் எழுத்தரும் மாணவரும் இருந்தனர். வந்தோர் ஓவியத்தைப் பார்த்து வியக்கவில்லை. கலை ஏன் சிலருக்கு மட்டும் கிட்டுகின்றது, உழைப்பில் ஏன் இன்பம் இல்லாதொழிந்தது என்று வீட்டுக்காரரோடு வாதிட்டனர். விருந்தினன் வீட்டுக்காரனை மறுத்துப் பேசக்கூடிய வீடே உண்மையில் திறந்த வீடு.

படுக்கையறையையும் ஒப்பிடலாம். மொறிஸ் தம் படுக்கையறையிலேயே ஒரு தறியை அமைத்து, 1879ஆம் ஆண்டில் விடியற்காலைகளிற் சித்திரத் திரையொன்றைத் தாமே நெய்து பழகினார். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிநேரம் நெய்தார் என நாட்குறிப்பில் எழுதிவைத்தார். திரை முடிந்தபோது கணக்கு 516 மணிநேரம். கலையை ‘அருள்’ என்றும் ‘அகத்தூண்டல்’ என்றும் மூடுமந்திரமாக்குவோர்க்கு இவ்வெண் போதிய மறுமொழியாகும். அருளுக்கு மணிக்கணக்கு இல்லை, உழைப்புக்கு உண்டு. கணக்கு எழுதப்பட்ட உழைப்பே பிறருடைய உழைப்போடு ஒப்பிடக்கூடியது; தச்சனும் தையற்காரியும் ‘இது எம் தொழில் போன்றதே’ என்று கூறக்கூடியது.

இதனால் மொறிஸைக் குறையற்றவராக்கி வழிபடுதல் வேண்டுமென்பதில்லை. அவருடைய தறிகளில் அமர்ந்து நெய்த இளம்பெண்களின் பெயரால் அக்கம்பளங்கள் அறியப்படவில்லை. அவர் தொழில் நடத்திய முதலாளி. அவர் விளைவித்த அழகிய பொருள்களை வாங்கியோர் செல்வரே. அவர் நிறுவிய கெல்ம்ஸ்கொற் அச்சகம் 1896இல் வெளியிட்ட சோசர் நூற்றொகுதியிற் காகிதப் பிரதிகள் 425. விலை 20 பவுண். கொட்டகையில் அவர் சொற்பொழிவைக் கேட்ட தொழிலாளி பல வாரக் கூலியை ஒருங்கே சேர்த்தாலன்றி அந்நூலை வாங்கியிருக்க முடியாது. இம்முரண்பாட்டை மொறிஸே நன்கறிந்திருந்தார். அதனாலேயே அழகியலிலிருந்து அரசியலுக்கு நடந்தார். கதவைத் திறப்பதால் மட்டும் முரண்பாடு தீராது என அறிந்தவர் அவர் என்பதே லேற்றனிடமிருந்து அவரை வேறுபடுத்துகின்றது.

சோசர் நூலை அச்சிட்ட அதே கை அச்சுப்பொறி பின்னர் கொழும்பிற் பிறந்த ஒருவரின் கைக்கு வந்தது என்பது இந்நாட்டு வாசகர் அறியவேண்டியது. ஆனந்த குமாரசுவாமி இலங்கையிற் கனிப்பொருள் ஆய்வுப் பணிபுரிந்த காலத்திற் கண்டிப் பிரதேசக் கைவினைஞரிடையே திரட்டிய செய்திகளை ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பொருள்படும் பெயருடைய ஆங்கில நூலாக்கினார். இங்கிலாந்தில் புறோட் கம்டன் என்னும் சிற்றூரில், தாம் வாழ்ந்த வீட்டிலேயே எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தை அமைத்து, 1907-1908ஆம் ஆண்டுகளில் அந்நூலை அச்சிட்டார். அங்கும் உறைவிடமும் தொழிற்கூடமும் ஒன்றாயின. அங்கும் பிரதிகள் 425. கண்டிக் கைவினைஞனைப் பற்றிய நூலைக் கண்டிக் கைவினைஞன் வாங்கவும் இயலாது, வாசிக்கவும் இயலாது. எனினும் அந்நூல் ஒன்றைச் செய்தது. செய்த பொருளை மட்டும் காட்டாது, செய்வோர் எவர், எக்கருவிகளாற் செய்தனர், எம்முறையிற் செய்தனர், என்ன ஊதியம் பெற்றனர் எனப் பதிவுசெய்தது. கென்சிங்ரன் ஞாயிறுகள் மறைத்த பின்படிக்கட்டை அந்நூல் ஓரளவு முன்வாயிலாக்கியது.

‘படைப்பு மறைவில் நிகழவேண்டியது, கூடத்தை எவருக்கும் திறத்தலாகாது’ எனக் கூறும் தூய கலைவாதிகள் இவ்விடத்திற் குறுக்கிடுவர். குமாரசுவாமி விவரித்த நேத்திர மங்கலய என்னும் கண்திறப்புச் சடங்கையே அவர்கள் சான்று காட்டவும் கூடும். புத்தர் சிலைக்கு விழி தீட்டும் வேளையில் விகாரையின் கதவு அடைக்கப்படும். இந்துக் கோயில்களிலும் விக்கிரகத்தின் கண்ணைச் சிற்பி திறப்பது மறைவிலேயே. உண்மைதான். ஆனால் அடைபட்ட கதவு அந்த ஒரு வேளைக்குரியது. கல் பிளப்பதும், மண் பிசைவதும், வண்ணம் அரைப்பதும் ஊரார் கண்முன்னே நடந்தவை. அன்று அடைக்கப்பட்ட கதவு சிற்பியின் தொழிலைக் காத்தது. சிற்பியின் புகழை வளர்க்கவில்லை. தொழிலுக்கெனக் கதவடைக்கும் உரிமை கலைஞனுக்கு உண்டு. அவ்வுரிமையை மறுப்பது இவ்வாதத்தின் நோக்கமன்று. நாள்தோறும் ஆளுக்காள் வந்து எட்டிப்பார்க்கும் கூடத்திற் கலை பிறப்பதரிது.

யாழ்ப்பாணத்துத் திருமணங்களில் நிகழும் பொன்னுருக்கையும் ஈண்டு எண்ணிப் பார்க்கலாம். தாலிக்குரிய பொன்னைத் தட்டார் உருக்குவதை உறவினர் கூடியிருந்து காண்பர். அங்கு பார்வையாளர் பார்ப்பது தட்டாரின் வாழ்க்கையையன்று, பொன் உருகுவதை. பார்ப்பதற்குக் காரணமும் உண்டு, அப்பொன் அவர்களுடையது. தமக்குரிய பொருள் எங்ஙனம் உருவாகின்றது என அறியும் உரிமையோடு அவர்கள் அமர்ந்திருக்கின்றனர். கலைக்கூடத்துக்குள் நுழையும் மக்களுக்கும் இத்தகைய உரிமையுணர்வு வேண்டும். வியப்போடு மட்டும் நுழைபவன் விருந்தாளியாகவே வெளியேறுவான்.

இன்று இரு இலண்டன் வீடுகளும் பார்வையாளரை ஏற்கின்றன. லேற்றனின் வீடு விரிவான புதுப்பிப்புப் பணிகளின் பின் 2022ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மீளத் திறக்கப்பட்டது. அவருடைய தனிமையின் சின்னமான அந்த ஒற்றைப் படுக்கையறையும் காட்சிப்பொருளாகிவிட்டது. கெல்ம்ஸ்கொற் இல்லத்திலோ நிலக்கீழ் அறைகளும் வண்டிக் கொட்டகையும் மட்டுமே மொறிஸ் பெயரிலான சங்கத்தின் பொறுப்பிலுள்ளன. மேல்மாடிகள் தனியார் குடியிருப்பு. ஒரு வகையில் இதுவே நீதி. மொறிஸின் கட்டிலைக் காண வருபவனுக்கு அங்கு அதிகம் இல்லை. அவர் பேசிய கொட்டகை இருக்கின்றது, அதுவே போதும்.

உலகெங்கும் இன்றும் ஓவியர்கள் தாம் வாழும் கூடங்களை வார இறுதிகளில் திறக்கின்றனர். காட்சி ஞாயிறு மறையவில்லை, பெயர் மாறியுள்ளது. கலைஞனின் கோப்பையும் பூனையும் சாளரமும் விற்பனைக்குத் துணைபோகின்றன. வருபவர், வாழ்க்கையைக் கண்டதனாற் கலையைக் கண்டுவிட்டதாக நிறைவுகொள்கின்றனர். இந்நிறைவு கலைஞனுக்கும் தீங்கு. தன் வாழ்வையே நடித்துக் காட்டும் கூலிக்காரனாக அவன் ஆகிவிடுகின்றான்.

ஆகவே, கூடத்தைத் திறக்கும் கலைஞனிடம் கேட்கவேண்டியவை சில. முடிவுற்ற படைப்பின் அருகே முடிவுறாததும் தவறிப்போனதும் வைக்கப்படட்டும். எத்தனை மணிநேரம் சென்றது, என்ன விலை, அவ்விலை எவர்க்கெல்லாம் பங்காகின்றது என எழுதிவைக்கப்படட்டும். மாதிரியாக நின்றவர், சட்டமிட்டவர், வண்ணம் கலந்தவர், கூடத்தைக் கூட்டியவர் ஆகியோரின் பெயர்கள் அவர்தம் விருப்போடு கலைஞனின் பெயருக்கருகே இடம்பெறட்டும். வருபவர் மறுத்துப் பேச ஒரு வாங்கும் ஒரு மாலைப்பொழுதும் ஒதுக்கப்படட்டும். எஞ்சிய நாளெல்லாம் கதவு அடைத்தே இருக்கட்டும், எவரும் குறைகூறார்.

இவை இயலாதெனின், திறந்த கதவைக் காட்டி மக்கள் கலை என்று முழங்குதல் வேண்டாம். கூடத்தைக் காணச் செல்வோரும் முன்வாயிலில் நின்று வியக்குமுன் வீட்டை ஒருமுறை சுற்றிவரட்டும். பின்படிக்கட்டு எங்கே இருக்கின்றது, அதில் இப்போது யார் ஏறிக்கொண்டிருக்கின்றார் என்று பார்த்துவிட்டு உள்ளே செல்லட்டும்.